ரிசர்வ் மாப்பிள்ளை

பெண் வீட்டார் வருகிற நாளில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? குளிக்க வேண்டும், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும், ஃபேனுக்கு அடியில் அடக்க ஒடுக்கமாக உட்கார வேண்டும். ஜாபேஸ் என்ன செய்தான் தெரியுமா? மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கைக் கழற்றினான்.

முழுக்க அவன் குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டு முற்றத்துத் தகர ஷெட்டில் நிற்கிற அந்தப் பழைய வண்டிக்கு, டேங்கின் அடிமடிப்பில் துரு தின்று ஓர் ஊசிக்கண் ஓட்டை விழுந்திருந்தது. கேட்டைத் திறந்து உள்ளே வருகிறவர்களை முதலில் வரவேற்பது பெட்ரோல் வாடைதான். அம்மா சாலோமி காலையிலிருந்து எலுமிச்சை வாசனை பினாயில் ஊற்றி முற்றத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். வாடை அசையவில்லை.

"ஏலே ஜாபேஸு! வாறவிய மூக்கு எப்பேர்ப்பட்ட மூக்குன்னு ஒனக்குத் தெரியும்லா? அவிய வந்து எறங்குததுக்கு முன்ன இந்த வீட்ல பெட்ரோல் வாட இருக்கப்படாது, சொல்லிட்டேன்."

அந்த மூக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அதன் சொந்தக்காரர் கிருபைராஜ் அண்ணாச்சி, திசையன்விளையில் இரும்புக்கடை, சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவர். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் எந்தச் சரக்கு எப்படி நாறும் என்பதை, வெறுத்து வெறுத்தே கரைத்துக் குடித்தவர். கல்யாண வீடுகளில் ஆண்களை ஓடிப் போய்க் கட்டிப்பிடித்து நலம் விசாரிப்பார். பாசம் என்று நினைத்தவர்கள் பலர் மாட்டியிருக்கிறார்கள். மகள் ஃபெபிக்கு வந்த மாப்பிள்ளைகளில் ஒருவனை, முந்தின நாள் குடித்த பீருக்காகத் துரத்தினார். இன்னொருவன் குடித்தது வெறும் இருமல் மருந்து. "இருமல் மருந்துல தொடங்குதவன் எதுல முடிப்பான்?" என்று கேட்டு அவனையும் அனுப்பிவிட்டார்.

ஆனால் ஜாபேஸுக்கு இந்தச் சம்பந்தம் மற்றவர்களுக்குப் போல வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்கிற சங்கதி இல்லை. ஃபெபி கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் பாடகர் குழுவில் இருவரும் பார்த்தார்கள், பேசினார்கள். அன்று தொடங்கிய பேச்சு போனில் இன்றுவரை முடியவில்லை. இதைத் தகப்பனாரிடம் சொன்னால் வீடு ரெண்டாகும். ஆகவே ஃபெபி ஐயரம்மாவைப் பிடித்தாள். ஐயரம்மா என்றால் சபை குருவானவரின் மனைவி. அந்த அம்மாள் ஒன்றும் தெரியாதது போல, "பாளையங்கோட்டையில ஒரு நல்ல பையன் இருக்கான்" என்று கிருபைராஜ் காதில் போட்டாள். அவரும் சரி என்றார். கூடவே ஒரு நிபந்தனை: இதுவும் சரிப்பட்டு வரவில்லை என்றால், பெங்களூரில் காத்திருக்கும் ஒருத்தனுக்கு அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிடுவார். ஜாபேஸ் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

டேங்கை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது வம்பு. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிற நம் ஆள், இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற பெண்ணை மயக்குவதற்காக, "வண்டி வேலைன்னா நான் மெக்கானிக் பக்கமே போறதில்ல" என்று போனில் அளந்து வைத்திருந்தான். உண்மையில் அவன் வண்டிக்குச் செய்த ஒரே வேலை காற்றடிப்பது. அதையும் பங்கில் இருக்கும் பையன்தான் அடிப்பான்.

சீட்டைக் கழற்றினான். டேங்கின் போல்ட்டைக் கழற்றினான். பெட்ரோல் குழாயை உருவி, டேங்கைத் தூக்கி இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் ஒரு கேனை வைத்து, டேங்கின் திருகைத் திறந்தான். பெட்ரோல் ஒழுங்காக இறங்கியது. ஜாபேஸுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை பிறந்தது. அப்புறம் பெட்ரோல் திடீரென்று நின்றுவிட்டது. தூக்கி ஆட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் தளும்புகிறது. திருகை மூடித் திறந்தான். ஒரு சொட்டு கிடையாது. டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். வெளியே வந்த கொஞ்சமும் கேனுக்குள் கால்வாசி, அம்மா கழுவிய தரையில் மீதி என்று சிதறியது. அடுக்களையிலிருந்து ஒரு கரண்டி பறந்து வந்தது. மிச்சம் உள்ளே இருக்க, டேங்கை மறுபடி செங்கல் மேல் நிமிர்த்தி வைத்தான்.

அப்போதுதான் ஷெட்டின் மூலையில் கிடந்த டியூப் அவன் கண்ணில் பட்டது. காம்பவுண்டுச் சுவர் கட்டும்போது கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்த டியூப். ஒரு முனையை டேங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து லேசாக உறிஞ்ச வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். லேசாக என்பதில்தான் கோட்டை விட்டான். இளநீர் குடிக்கிற உற்சாகத்தில் ஒரே இழு. வாய் நிறைந்தது. பெரும்பகுதியைத் துப்பிவிட்டான். கொஞ்சம் தொண்டையைத் தாண்டிப் போய்விட்டது.

"யம்மா!" என்றான். அதற்குள் ஓர் ஏப்பம் வந்து மிச்ச வார்த்தையை விழுங்கியது.

சாலோமி ஓடிவந்தாள். மகன் முகத்தருகே போய் முகர்ந்தாள். "ஏலே, என்னத்தலே குடிச்ச?"

"பெட்ரோலும்மா."

"பெட்ரோலயா! ஒனக்குக் காப்பி குடுக்க நான் இல்லியா?"

தெருமுனை மருந்துக் கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். வலிய வாந்தி எடுக்கக் கூடாது, நெருப்புப் பக்கம் போகக் கூடாது, இருமலோ மூச்சிரைப்போ வந்தால் நேராக ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார் அவர். இருமலும் வரவில்லை, இரைப்பும் வரவில்லை. ஏப்பம்தான் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

சாலோமி சமையலறை டப்பா அத்தனையையும் திறந்துவிட்டாள். கிராம்பு, ஏலக்காய், ஓமத் தண்ணீர், பொதினா இலை, மேலே இரண்டு தடவை பற்பசை. எல்லாம் உள்ளே போனதே தவிர, பெட்ரோல் வெளியே போகவில்லை. எல்லாமாகக் கூடி, உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு மணம் ஜாபேஸின் வாயில் உண்டானது.

"பேசாம உண்மையச் சொல்லிருவோமா?" என்றான், குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்த ஜாபேஸ்.

"வாய மூடு! பிராந்தி குடிச்சவன்னாக்கூட திருந்திருவான்னு நெனப்பாவ. பெட்ரோல் குடிச்சவன லூசுன்னுல்லா நெனப்பாவ? அவிய போற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது. சிரி, தலய ஆட்டு, போதும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார்கள். டிரைவர் லீவு போட்டுவிட்டதால் ஃபெபிதான் காரை ஓட்டி வந்திருந்தாள். அவள் ஓட்டினால் திசையன்விளையும் பாளையங்கோட்டையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவாகிவிடும்.

கிருபைராஜும் அவர் மனைவி கரோலினும் இறங்கினார்கள். முற்றத்துப் பெட்ரோல் வாடையைத் தன் காரின் வாடை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஃபெபி இறங்கவில்லை.

"பிள்ளையயும் உள்ள கூப்பிடுங்க அண்ணாச்சி," என்றாள் சாலோமி.

"கல்யாணத்துக்கு முன்ன பொண்ணு மாப்பிள வீட்டுப் படி ஏறுதது மொறையில்ல. அங்கன நெழல்லதான கெடக்கு காரு. அவ இருப்பா," என்றார் கிருபைராஜ்.

கார் நின்ற இடத்துக்கு நேர் எதிரே தகர ஷெட்டு. அவசரத்தில் யாரும் மூடாத டேங்கு அங்கே செங்கல் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

கிருபைராஜ் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஜாபேஸை நோக்கி வந்தார். "ஸ்தோத்திரம் தம்பி!" ஜாபேஸ் மூச்சை அடக்கிக்கொண்டான். அவர் கட்டிப்பிடித்தார். இரண்டு தோளிலும் மாறி மாறி முகத்தைப் புதைத்தார். அவன் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. அவர் விட்டதும், ஜன்னல் பக்கம் ஓடிப்போய் ஒரு மூச்சை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"தம்பிக்கு ஆபீஸ்ல வேலையெல்லாம் எப்பிடி?"

ஜாபேஸ் சிரித்தான்.

"பாட்டுக் குழுவுல இருக்கீயளாமே?"

தலையை ஆட்டினான்.

"என்ன கொரலு? பேஸா, டெனாரா?"

"ம்," என்றான் மூக்கு வழியாக. அந்தக் கனத்த அடிக்குரல் பேஸ்தான்.

கிருபைராஜ் சாலோமியைப் பார்த்தார். "தம்பி ரொம்ப ரிசர்வ்டு டைப்போ?"

"ஆமா அண்ணாச்சி, சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். ஒரு வார்த்த வாங்க முடியாது," என்றாள் சாலோமி. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாவுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தத் தெருவில் ஜாபேஸின் பேச்சுக்குத் தப்பிய மனிதர் ஒருவர் கிடையாது.

கிருபைராஜுக்கோ பரம திருப்தி. அதிகம் பேசாத மாப்பிள்ளை, கட்டிப்பிடித்தால் நாறாத மாப்பிள்ளை. முந்திரிக்கொத்து ஒன்றை எடுத்துக் கடித்தார். வடைத் தட்டில் ஒன்றுதான் மிச்சம். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம். அப்போதுதான் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"சரி, தம்பி ஒரு ஜெபம் பண்ணட்டும். கேட்டுட்டுக் கெளம்புதோம்."

இந்த வீடுகளில் இதுதான் கடைசிப் பரீட்சை. சம்பளத்தை யாரும் கூட்டிச் சொல்லலாம். வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னால்தான் வளர்ப்பு தெரியும். ஜாபேஸ் அம்மாவைப் பார்த்தான். அம்மா மேலே பார்த்தாள்.

"மௌனமா ஜெபிப்போம்," என்றான் ஜாபேஸ், உதடு பிரியாமல்.

"மௌனமெல்லாம் எங்க ஊர்ல கெடையாது தம்பி. வாய விட்டு ஜெபிங்க."

பழைய வழக்கப்படி எல்லோரும் எழுந்து, திரும்பி, அவரவர் நாற்காலியைப் பார்த்து முழங்கால் போட்டார்கள். ஜாபேஸுக்கு உயிர் வந்தது. சோபா மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மெத்தையோடு போகட்டும் என்று தொடங்கினான்.

"அன்பின் பரலோகப் பி..."

'பிதாவே' முடியவில்லை. 'பி' என்ற இடத்தில் ஏப்பம் வந்தது. சாதாரண ஏப்பமில்லை. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, கிராம்பையும் ஓமத்தையும் பொதினாவையும் வழியில் ஏற்றிக்கொண்டு வந்த ஏப்பம். மெத்தை அதைத் தாங்கவில்லை. அறை முழுக்கத் திருப்பிவிட்டது.

"ஆமென்!" என்று கத்தினாள் சாலோமி.

ஆனால் கிருபைராஜின் மூக்கு எழுந்துவிட்டது. பின்னால் அவரும் எழுந்தார். ஜாபேஸின் அருகில் வந்து, கண்ணை மூடி, நிதானமாக இழுத்தார்.

"பிராந்தி இல்ல. ரம்மு இல்ல. கள்ளு இல்லவே இல்ல." அவர் முகத்தில் கோபத்தை விடக் குழப்பம் அதிகமாக இருந்தது. "கிராம்பு இருக்கு. ஓமம் இருக்கு. ஆனா அடியில என்னமோ ஒண்ணு கெடக்கே... கரோலின், இது நம்ம நாட்டுச் சரக்கே கெடையாது. ஃபாரின் சரக்கு!"

"ஐயோ அண்ணாச்சி, எம் பிள்ள மதுரயத் தாண்டி எங்கயும் போனதில்ல!" என்றாள் சாலோமி.

இனி மூடி வைத்துப் பயனில்லை. ஜாபேஸ் வாயைத் திறந்துவிட்டான். "மாமா, சத்தியமா இது சரக்கு இல்ல. பெட்ரோல்."

"குடிக்கிறவன் எவன் வே சரக்குப் பேர ஒழுங்காச் சொல்லியிருக்கான்? ஒருத்தன் தண்ணிம்பான், ஒருத்தன் மருந்தும்பான். நீரு பெட்ரோலுங்கீரு. எந்திரி கரோலின், போவோம். பெங்களூர்க்காரனுக்கு இப்பமே போன் போடுதேன்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டே அவர் படியிறங்கினார். கரோலின் தட்டில் இருந்த கடைசி வடையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். ஜாபேஸுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. உண்மையைச் சொல்லியும் தோற்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. அவன் அவர்கள் பின்னால் முற்றத்துக்கு ஓடினான்.

முற்றத்தில், ஷெட்டுக்குள், ஃபெபி குந்தி உட்கார்ந்திருந்தாள். வீட்டுப் படி ஏறக்கூடாது என்றுதானே சொன்னார்கள். ஷெட்டுக்குப் படி கிடையாது. கார் கண்ணாடி வழியே அந்த டேங்கைப் பார்த்ததிலிருந்து அவளுக்குக் கை குறுகுறுத்திருக்கிறது. அவள் கையில் கொத்தனார் டியூப். அதன் ஒரு முனையில் பல் பதிந்த தடம்.

"யப்பா, யாருக்குப் போன் போடுதிய?"

"மாப்பிள குடிச்சிருக்கான்ளா!"

"ஆமா, குடிச்சிருக்காரு. இதத்தான் குடிச்சிருக்காரு." டியூப் முனையை அவர் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாருங்க. பொறவு அவரையும் மோந்து பாருங்க."

கிருபைராஜ் டியூபை முகர்ந்தார். ஜாபேஸை முகர்ந்தார். மறுபடி டியூபை முகர்ந்தார். கிராம்பையும் ஓமத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் கணக்குச் சரியாக இருந்தது. கையில் இருந்த போனை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"பெட்ரோல எதுக்கு வே குடிச்சீரு?"

ஜாபேஸ் பதில் சொல்லுமுன் ஃபெபி முந்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இங்கன பாருங்கப்பா. திருகு ஆன்ல கெடக்கு. ஆன்ல வச்சா மேல உள்ளதுதான் எறங்கும். அடியில உள்ளது ரிசர்வுக்கு. இத இன்னுங் கொஞ்சம் திருப்புனாப் போதும்." திருப்பினாள். டேங்கிலிருந்த மிச்சப் பெட்ரோல் கேனுக்குள் சளசளவென்று இறங்கியது. கடைசிச் சொட்டு விழுந்ததும் கேனை இறுக்கி மூடினாள். "இதுக்குப் போயி வாய வச்சு உறிஞ்சிருக்காரு மனுசன்."

எல்லோரும் ஜாபேஸைப் பார்த்தார்கள். பெட்ரோல் வயிற்றில் போனபோது கூட அவனுக்கு இப்படி எரியவில்லை.

"வண்டி ஓட்டுதவருக்கு ரிசர்வு எங்கன இருக்குன்னு தெரியாதா?" கிருபைராஜ் நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார். "ஏளா ஃபெபி, ஒனக்கு இப்படி ஒரு மாப்பிளயா?"

"தெரியும் மாமா, ஆனா தொட்டதில்ல," என்றான் ஜாபேஸ், தலையைக் குனிந்துகொண்டு. "வண்டி வாங்குன நாளையிலருந்து ஒருநாளும் ரிசர்வுக்கு விட்டதில்ல. பாதி கொறஞ்சாலே பங்குல போயி நின்னுருவேன். அதான் அப்பிடி ஒண்ணு இருக்கதே மறந்துட்டு."

கிருபைராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். இருப்பு தீருமுன் வாங்கி அடுக்குகிற இரும்புக்கடை முதலாளிக்கு இந்த மாதிரி வார்த்தை காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது ஜாபேஸுக்குத் தெரியாது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஒருநாளும் விட்டதில்லியா?"

"இல்ல மாமா."

"கேட்டியா கரோலின்? பாதி கொறயும்போதே போட்டுருதானாம். இவன் வீட்ல அரிசியும் தீராது, கேஸும் தீராது. பெங்களூர்க்காரன் கெடக்கான்!"

சாலோமி அப்போதுதான் மூச்சு விட்டாள். ஃபெபிக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. தலைக்கேறினால் நாக்கு சொன்னபடி கேட்காது.

"அதுசரி, வண்டி வேல பூரா நானேதான் பாப்பேன்னு போன்ல என்னா அளப்பு அளந்தாரு தெரியுமாப்பா!"

பக்கத்து மொட்டைமாடியில் இசக்கியம்மா துணி உதறுவதை நிறுத்திவிட்டாள்.

"போன்லயா?" என்றார் கிருபைராஜ். "எந்தப் போன்ல?"

ஃபெபி ஜாபேஸைப் பார்த்தாள். ஜாபேஸ் கேனைப் பார்த்தான். கரோலின் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போய் அந்தக் கடைசி வடையை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது அவள் கடித்த விதத்திலேயே விளங்கிவிட்டது.

கிருபைராஜ் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் ஜாபேஸைப் பார்த்தார். எந்தச் சரக்கையும் மோந்து பிடிக்கிற மூக்கு, சொந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக நடந்ததை மோந்து பிடிக்கவில்லை. அதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"தம்பி ரிசர்வ்டு டைப்பான்னு நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்! எம் மவ எப்பமோ சீட்ட ரிசர்வ் பண்ணிட்டால்லா இருந்திருக்கா!"

பிறகு அவர் கையைக் கூப்பினார். "சரி வே மாப்பிள. பாதியில விட்ட ஜெபத்த முடிச்சிரும். இந்தத் தடவ மெத்தக்குள்ள வேண்டாம். நல்லா வாயத் தொறந்து ஜெபியும்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜாபேஸ் ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, வாயைத் திறந்தான்.

"ஏலே, பொறு பொறு!" என்று வீட்டுக்குள் ஓடினாள் சாலோமி. "அடுப்ப அணச்சிட்டு வாறேன்!"